இறங்காத பிரஷர்

"கோளாறு மெஷின்லயா, ஒங்ககிட்டயா?" டாக்டர் அன்புச்செல்வி பிரஷர் கருவியை ஒரு தட்டுத் தட்டினார். "நூத்தித் தொண்ணூறு. ரெண்டு மாசமா எறங்க மாட்டேங்குது. மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?"

"தெனம் சாப்பிடுறேங்க." மலையாண்டி வாய்கூசாமல் சொன்னார். கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். தோப்பில் பேசுகிற அதே சத்தத்தில்தான் இங்கேயும் பேசினார்.

"ஆமாங்க, ஒரு நாள் தவறல," என்று அவர் மனைவி அமுதவல்லியும் தலையாட்டினாள்.

"தலைசுத்தல், கால் வீக்கம், அசதி ஏதாவது உண்டா? இந்த மாத்திரையில சில பேருக்கு அப்படி வரும்."

"எனக்கா? மரம் ஏறி எறங்குறேன். இந்தா, இவதான் காலையில பத்து மணிக்கே கண்ணக் கட்டுதுன்னு படுத்துருறா. வேலைக் கள்ளி."

வாய்க்கு வாய் பேசுகிறவள், அன்று சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டாள்.

டாக்டர் சீட்டை இழுத்து வைத்தார். "அப்ப டோஸ் பத்தல. ரெண்டு மடங்கா எழுதுறேன். இப்படியே விட்டா பக்கவாதத்துல கொண்டுபோய் விட்டுரும்."

அவ்வளவுதான், அமுதவல்லிக்கு அழுகை வந்துவிட்டது.

"டாக்டரம்மா, இவரு மாத்திரையத் தொட்டதே இல்லங்க. ஃபோன்ல என்னத்தையோ பாத்துட்டு, தலை சுத்தும், கால் வீங்கும்னு வேலியோரம் வீசிட்டாரு. நாந்தான் அதப் பொறுக்கியாந்து, தெனம் காலையில நுணுக்கி, இவரு குடிக்கிற கம்மங்கூழுல கலந்து குடுக்குறேன். இதுக்கு மேல ரெண்டு ரெண்டாக் கலந்தா அவருக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிராதா?"

மலையாண்டி அவளை வெறித்துப் பார்த்தார். "அடிப்பாவி. கூழு கசந்தது அதுனாலதானா?"

"கசக்குதுன்னு ஒரு நாளாவது சொன்னீங்களா? சொம்பு காலியாத்தான வந்துச்சு."

மலையாண்டி விட்டத்தைப் பார்த்தார். தோப்புச் சத்தம் எங்கேயோ போய்விட்டது.

"கூழு நல்லா இல்லேன்னா நீ மூணு நாளைக்கு மொகத்தத் தூக்கி வச்சுக்குவ. எதுக்கு வம்புன்னு, நீ அங்கிட்டுத் திரும்புனதும் திரும்பப் பானையிலயே ஊத்திட்டு, வாயத் தொடச்சுக்கிட்டுப் போயிருவேன்."

"எந்தப் பானையில?" என்றார் டாக்டர்.

"கூழுப் பானையிலதாங்க. வீணாப் போகக் கூடாதுல்ல."

"அதுக்கப்புறம் அந்தப் பானையில இருக்கிறத யாரு குடிக்கிறது?"

மலையாண்டி மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த வீட்டில் புருஷன் குடித்து முடித்த பிறகு பானையோடு உட்காருகிறவள் ஒருத்திதான்.

டாக்டர் மலையாண்டியின் கையிலிருந்த பட்டையைக் கழற்றி, அமுதவல்லியின் கையில் சுற்றினார்.

"தொண்ணூறுக்கு அறுபது," என்றார். "மாத்திரை நல்லாத்தான் வேலை செய்யுது."