பழைய தெர்மோஸ்டாட்

“இது பில்லா, பகல் கொள்ளையா?”

அண்ணனின் குரல் பட்டறையின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. தங்கை அவர் கையிலிருந்த பில்லை அமைதியாக வாங்கி, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

தங்கை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர். கற்றுக்கொள்பவர் தடுமாறுவதற்கு முன்பே தம் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிடுவதால், எல்லாருக்கும் அவர் ‘பிரேக் அக்கா’.

“கத்தாதீங்க அண்ணா. புரியாம பணமும் கொடுக்க மாட்டேன், புரியாம சண்டையும் போட மாட்டேன்” என்றவர், பட்டறைக்காரரிடம் திரும்பினார். “தெர்மோஸ்டாட் விலையைவிடக் கூலி மூணு மடங்கு இருக்கே, எப்படி?”

“உங்க வண்டியில அது இன்ஜினுக்குப் பின்னாடி, மூலையில ஒளிஞ்சிருக்குக்கா. இன்ஜினைக் குளிர வைக்கிற கூலண்ட் தண்ணியை முழுக்க வடிக்கணும். ஏர் ஃபில்டர், குழாய் எல்லாத்தையும் கழட்டினாத்தான் கையே உள்ள போகும். கசியாம இருக்க புது கேஸ்கெட் வெச்சு, புது கூலண்ட் ஊத்தி, உள்ள சிக்கின காத்தை வெளியேத்தி, இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கணும். பாகம் உள்ளங்கை அளவுதான். வேலை ஒரு பொழுது.”

“அப்படி என்னதான் செய்யுது அந்த உள்ளங்கைச் சாமான்?”

“கதவு மாதிரிக்கா. இன்ஜின் குளிர்ந்திருக்கிறப்ப மூடியிருக்கும். நல்லாச் சூடானதும் திறந்து, தண்ணியை ஆறவைக்க ரேடியேட்டருக்கு அனுப்பும். கதவு மூடலைன்னா இன்ஜினுக்குச் சூடே ஏறாது. பெட்ரோலைக் குடம் குடமாக் குடிக்கும்.”

“குடிச்சது நிஜம்தான். ஆனா, போன வருஷம் வண்டி கொதிச்சப்பவே அண்ணன் புதுசு வாங்கிப் போட்டாரே? நான்தானே பணம் கொடுத்தேன். அதுக்குள்ளயா போச்சு?”

பட்டறைக்காரர் அண்ணனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையிலிருந்த ஸ்பேனரைத் துடைக்கத் தொடங்கினார்.

“சில சமயம் அப்படி ஆகும்க்கா.”

“கூலிக் கணக்கு புரிஞ்சுது. பழைய பாகத்தை எடுங்க, பார்த்துட்டுப் பணம் தரேன்.”

“அது எதுக்கும்மா உனக்கு? ஒரே எண்ணெய்ப் பிசுக்கு” என்று குறுக்கிட்டார் அண்ணன். “கூலியைக் குறைச்சுக் கொடுத்துட்டுக் கிளம்பு, நேரமாகுது.”

“பாகம் மாத்தினா பழசைக் கையில வாங்கணும்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே அண்ணா? பழைய கார் வாங்கி விக்கிற நீங்க சொன்னா அனுபவம் இருக்கும்னு இன்னிக்கு வரைக்கும் எந்தப் பட்டறையிலயும் அதை நான் விட்டதில்லை. எடுங்க.”

பட்டறைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“தொலைஞ்சு போச்சுக்கா.”

அண்ணனின் முகத்தில் சட்டென்று தெளிவு பிறந்தது.

“பார்த்தியா! நான் அப்பவே சொன்னேன். இவன் மாத்தவே இல்லை! மாத்தாமலே பில் போட்டிருக்கான். ஏன்யா, பொம்பளைதானே, என்ன தெரியப்போகுதுன்னு நினைச்சியா? நாளையிலிருந்து இவ ஸ்கூல் வண்டி மூணும் என் சிநேகிதன் பட்டறைக்குத்தான் போகுது. நீ ஈ ஓட்டு!”

பட்டறைக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அந்த மூன்று வண்டிகளை நம்பித்தான் அவர் இந்தப் பட்டறையை வாடகைக்கே எடுத்திருந்தார்.

“கூலியில பாதியைக் கழிச்சுக்குங்கக்கா” என்றார் மெதுவாக.

“எனக்குத் தள்ளுபடி வேண்டாம். பதில் வேணும்.”

பிரேக் அக்காவின் பார்வை சுவரோரத்துத் தட்டின்மேல் சென்றது. கழற்றிய பழைய பாகங்கள் ஒவ்வொன்றும் கழுவித் துடைக்கப்பட்டு, துணியில் முடியப்பட்டு, சொந்தக்காரருக்காகக் காத்திருந்தன. சென்ற முறை, தேய்ந்துபோன ஒற்றை நட்டைக்கூட மறக்காமல் அவர் கையில் கொடுத்தனுப்பிய மனிதர் இவர்.

“சாவியைக் கொடுங்க.”

காரில் ஏறி இன்ஜினை இயக்கினார். “இதுல என்ன தெரியப்போகுது, இறங்கு” என்று அண்ணன் ஜன்னலைத் தட்டிக்கொண்டே இருந்தார். அக்கா இறங்கவில்லை, கண்ணை அளவுமானியிலிருந்து எடுக்கவும் இல்லை.

சற்று நேரத்தில் வெப்பத்தைக் காட்டும் முள் மெல்ல எழுந்தது. நடுவில் வந்து, ஆணி அடித்தாற்போல் நின்றது.

ஓராண்டாக அந்த முள் அடியைவிட்டு எழுந்ததே இல்லை. அண்ணன் சரிசெய்து கொடுத்த நாள் முதல் படுத்தே கிடந்தது. ‘முள் படுத்திருந்தா இன்ஜின் ஜில்லுன்னு இருக்குன்னு அர்த்தம்’ என்று அவர் அன்று விளக்கமும் சொல்லியிருந்தார். அன்று மட்டும் தங்கை பழைய பாகத்தைக் கேட்கவில்லை. கூடப்பிறந்தவரிடம் அதையெல்லாமா கேட்பார்கள்?

இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். கைப்பையைத் திறந்து, பில்லில் இருந்த தொகையை ஒரு காசு குறைக்காமல் பட்டறைக்காரரின் கையில் வைத்தார்.

“நாளைக்கு அடுத்த வண்டியை அனுப்புறேன், பார்த்து வைங்க.”

“என்னம்மா நீ!” என்று அண்ணன் பதறினார். “பழசைத் தொலைச்சுட்டேன்னு வாய் கூசாமச் சொல்றவனுக்கு முழுப் பணத்தையும் கொடுக்கிறே?”

“வேண்டாம்க்கா, விட்டுடுங்க. கூடப்பிறந்தவங்களுக்குள்ள எதுக்கு...” என்று தடுத்தார் பட்டறைக்காரர்.

அக்கா விடவில்லை. அண்ணனை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னார்:

“அவர் எதையும் தொலைக்கலை அண்ணா. தொலைக்கிறதுக்கு உள்ள ஒண்ணு இருந்திருக்கணுமே!”