பதில் வரும் வழி

குமரேசன் கேபிளைப் பிடுங்கினான், ஊதினான், மறுபடி செருகினான். சர்வரின் ஐ.பி. எண்ணைத் திரும்பத் தட்டினான்.

"இன்னா தம்பி, ஆச்சா?" பாஞ்சாலை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் கணவர் சுப்பிரமணியின் போன். 'உன் பையிலயே இருக்கட்டும்' என்று கொடுத்தவர், பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் அடி அண்ணாமலைக்குப் பக்கம் காணாமல் போய்விட்டார்.

தொலைந்தவர்களைத் தேடும் பந்தல் அது. இங்கே அடையாளம் தட்டினால், மலையைச் சுற்றியுள்ள முகாம்களுக்கெல்லாம் சர்வர் வழியாகச் செய்தி போகும். பதிலும் அதே வழியில் வரும்.

"உங்க மெசேஜ் போயிடுச்சுக்கா. பதில் வர்ற போர்ட்தான் தொறக்க மாட்டேங்குது."

"பச்சைத் துண்டுன்னு போட்டியா? நெஞ்சு வலிக்கு மாத்திரை சாப்புடறவருன்னு?"

"எல்லாம் போட்டேன்கா."

போர்ட் எண்ணை மாற்றி என்டரைத் தட்டினான். தகரக் கூரையின் ஓட்டை வழியே வெயில் திரையில் விழ, மானிட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இப்ப?"

"இல்லக்கா." கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். "கூட யாராவது வந்திருக்காங்களா?"

"என் தம்பி மாறன் கீழ்பென்னாத்தூர்லேர்ந்து வந்துட்டிருக்கான். அதை ஏன் கேக்கற? நீ மெஷினைப் பாரு!"

பந்தல் பொறுப்பாளர் கலையரசன் வந்து கத்தினார். "ஒரு லைன் குடுக்க இவ்ளோ நேரமா? உனக்கு பதிலா ஒரு மாட்டை உக்கார வெச்சிருக்கலாம். எழுந்திருடா, நான் பாக்கறேன்."

குமரேசன் சட்டென்று கேபிளைப் பிடுங்கினான். "கொஞ்ச நேரம் குடுங்க சார்."

"அப்பலேர்ந்து இதையேதான்டா சொல்ற!" தலையில் அடித்துக்கொண்டு போனார்.

பாஞ்சாலை உடைந்து அழுதாள். "உனக்குத் தெரியலைன்னா தெரிஞ்சவங்களைக் கூப்புடேன்யா. அந்த மனுஷன் இந்த வெயில்ல, வெறுங்காலோட எந்த மூலையில நிக்கறாரோ!"

குமரேசன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். தட்டிவிட்டாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாறன் ஓடி வந்தான். வந்த வேகத்தில் மேசையில் குத்தினான். "இன்னாய்யா லைன் போட்டு வெச்சிருக்க? எப்பதான் பதில் வரும்?"

குமரேசன் எழுந்தான். மாறனின் கையைப் பிடித்து இழுத்து, காதோரம் குனிந்தான்.

"அப்பவே வந்துடுச்சுங்க. மொதல்ல உங்க அக்காவைப் புடிச்சுக்கங்க."