பிடித்த உணவு: கஞ்சி

“கஞ்சி” என்றான் மனுவேல்.

மதராஸ் வாரப்பத்திரிகை நிருபர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நாடகக் கலைஞருக்கு இப்போது பிடித்த உணவு: கஞ்சி.

மேடைக்குக் கீழே நின்று விக்டர் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பொய்யைப் பார்க்கச் சகிக்காமல் கலங்கரை விளக்கமே பட்டப்பகலில் ஒருமுறை கண்ணை மூடித் திறந்திருக்கும்.

புதுத் துறைமுகத்துக்கு லாரி லாரியாகக் கல் கொட்டிக்கொண்டிருந்த வருடம். திரேஸ்புரத்தில் தபசுகாலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு. கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகத்துக்கு இன்னும் பத்தே நாள். பாட்டு மனுவேல், வசனம் மனுவேல், படுதாவில் எருசலேமை வரைந்தவனும் மனுவேல். போதாததற்குச் சிலுவை சுமக்கும் கிறிஸ்துவும் பதினோரு வருடமாக அவன்தான்.

அதே பதினோரு வருடமாக விக்டர் யூதாஸ்.

யூதாஸ் வேஷத்தைக் கட்டுவது ஒரு நாள்தான். மிச்ச முந்நூற்று அறுபத்துநாலு நாளும் ஊர் அதைக் கழற்ற விடாது. மீன் ஏலத்தில் அவன் மனைவி பிளாரன்ஸுக்கு ‘யூதாஸ் பொண்டாட்டி’ என்றுதான் பெயர். கல்யாணப் பந்தியில் விக்டர் போய் உட்கார்ந்தால் இரண்டு பக்கத்து இலையும் காலியாகிவிடும். தோணிகளுக்கு அவன் தைத்துக் கொடுத்த பாய்மரப் பாயை மட்டும் எல்லோரும் கூசாமல் வாங்கிக்கொண்டார்கள்.

போன மாதம் மகள் கிளாடிஸைப் பெண் பார்க்க மணப்பாட்டிலிருந்து வந்தார்கள். தெருமுனையில் வீடு எதுவென்று விசாரித்தவர்கள், ‘யூதாஸ் வீடா?’ என்ற பதிலைக் கேட்டதும் அப்படியே திரும்பிப் பஸ் ஏறினார்கள். பிளாரன்ஸ் போட்டு வைத்த காப்பி ஏடு கட்டிப்போனது.

ஒரே ஒரு வருடம் சிலுவையைத் தூக்கிவிட்டால் போதும், மகளுக்குத் தாலி ஏறிவிடும்.

அதற்கும் வழி இருந்தது. கிறிஸ்துவாக நிற்பவன் நாற்பது நாளும் கறி, சாராயம், சினிமா, சீட்டு எதையும் தொடக் கூடாது. தொட்டது தெரிந்தால், வசனம் மனப்பாடமாக உள்ள அடுத்த ஆளுக்கு வேஷம் போகும். விக்டருக்குக் கிறிஸ்துவின் வசனம் தும்மினால்கூட வரும். யூதாஸுக்கு மட்டும் நோன்பு கிடையாது. அவன் எதைத் தின்றால் யாருக்கென்ன?

“பிடிச்ச பானம், சார்?”

“வென்னி. அதும் ஒரு வேளைதான்.”

வெந்நீராம்! கொழும்புச் சாராயம் இறங்க இறங்க இவன் மூக்கு மாதுளம்பழமாகச் சிவப்பதை விக்டர் அறிவான். முதல் தம்ளருக்குப் பாட்டு வரும். இரண்டாவதற்கு அழுகை வரும். மூன்றாவது தம்ளர் உள்ளே போனால் தெருநாய்க்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுக்கக் கிளம்பிவிடுவான்.

“பிடிச்ச கலை?”

“வியாகுல மாதா ஒப்பாரி. வேற எது காதுல விழுந்தாலும் வலிக்கு.”

போன வாரம் சினிமாக் கொட்டகையில் மத்தியான ஆட்டத்தில், சண்டைக் காட்சிக்கு பெஞ்சு மேல் ஏறி நின்று விசிலடித்த காது!

“பொழுதுபோக்கு?”

“செபமாலை” என்று, மடியிலிருந்த நாடக முள்முடியைத் தடவியபடி மனுவேல் கண்ணை மூடினான். பேதுரு வேஷக்காரன் உருகிப்போய் “ஆமென்” என்றான். பங்குச் சாமியார் மூக்கை உறிஞ்சினார்.

மூன்று நாளாக நாக்கு நுனியில் கிடந்த உண்மை விக்டரின் வாயிலிருந்து வெடித்தது.

“பச்சப் பொய்யி சாமி! ஞாயித்துக்கெழம மத்தியானம் இவன் பன்னிக்கறி தின்னான். வினிகர் ஊத்தி, சட்டி நெறைய! கொழும்புச் சாராயம் மூணு தம்ளர்! செபமாலையா உருட்டுதான்? சீட்டு சாமி, சீட்டு! எட்டு ஆட்டத்துல ஏழு ஆட்டம் தோத்தான் இந்தக் கிறிஸ்துநாதரு!”

வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் மேடையை நெருக்கியது. கடல்கூட ஒரு அலையை ஒத்திவைத்தது.

மனுவேல் மறுக்கவில்லை. தலை தொங்கிவிட்டது. விக்டருக்கு நெற்றியில் முள்முடி ஏறிய மாதிரியே இருந்தது. மணப்பாட்டு பஸ் திரும்பி வரும் சத்தம்கூடக் கேட்டது.

சாமியார் எழுந்து படியிறங்கி வந்தார். மனுவேலைத் தாண்டினார். விக்டர் முன்னால் நின்றார்.

“ஏலே விக்டர், அந்த ஏழு ஆட்டத்தையும் ஜெயிச்சது யாரு?”

விக்டரின் கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது.

மனுவேல்தான் பதில் சொன்னான், நிமிராமலே.

“நான்தான் சாமி அவன உள்ள கூப்பிட்டேன். பாவம், பதினோரு வருசமா அவன்கூட உக்காந்து யாரும் ஒரு வாய் திங்கதில்லல்லா. ஒரே சட்டியில தின்னோம்.”

பிறகு எழுந்து வந்து, மடியில் வைத்திருந்த முள்முடியை விக்டரிடம் நீட்டினான். எரிச்சல் இல்லாமல், கறிச்சட்டியை அவன் பக்கம் நகர்த்தி வைத்ததுபோலத்தான் நீட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சட்டிக்கு நீண்ட விக்டரின் கை, முள்முடிக்கு நீளவில்லை.