பாவாடை ரயில்

“வைகைப் பாலம் வருது! காலைத் தூக்கு!”

அமீருன்னிசா கூவியதும், அவள் பாவாடையைப் பின்னால் பிடித்திருந்த முத்திருளன் முழங்கால் உயரத்துக்குக் காலைத் தூக்கி வைத்தான். பாலம் என்பது ஐந்து குடித்தனம் இருக்கும் அந்த வளவின் முற்றத்தில் ஓடும் சாக்கடை.

“கூ... திருப்பரங்குன்றம்! மலையைச் சுத்திப் போகணும், வளை!”

துவைக்கிற கல்லைச் சுற்றி ரயில் வளைந்தது. அவளுக்கு ஒன்பது வயது, எஞ்சின். அவனுக்கு ஆறு வயது, பெட்டி. ஒரு நாளும் இது மாறியதில்லை. யுத்தம் வந்ததிலிருந்து ஸ்டேஷனில் பட்டாள ரயில்களாக ஓடுகின்றனவே, அந்தப் பைத்தியம் பிள்ளைகளுக்கும் பிடித்துவிட்டது என்றுதான் வளவில் எல்லோரும் நினைத்தார்கள்.

முத்திருளனின் தாய் ராமக்காள் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உசிலம்பட்டிப் பக்கம் மழை பொய்த்துப்போய், புருஷனோடு மதுரைக்குப் பிழைக்க வந்தவள். காலையில் மூட்டை தூக்கப் புறப்படும்போது அந்தப் புருஷன் வெள்ளைத்துரை சொன்னது இன்னும் அவள் காதில் இரைந்துகொண்டிருந்தது.

“ஏண்டி, நான் ஆம்பளைப் பிள்ளையைப் பெத்தனா, பாவாடைக்கு வாலைப் பெத்தனா? மார்க்கெட்ல சிரிக்கிறாய்ங்க. இன்னிக்கு நான் வாரப்ப அவன் அந்தப் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டுத் திரியட்டும், நாளைக்கே ஊர்ல அண்ணன் வீட்டுக்கு மாடு மேய்க்க அனுப்பிருவேன். வருசம் பூரா அங்க கிடக்கட்டும்.”

சொன்னால் செய்கிற ஆள். ராமக்காளுக்கு இருப்பதோ ஒரே பிள்ளை.

“பகல்ல எம்புட்டு நல்லா இருக்கான்க்கா!” என்று பக்கத்து வீட்டு அஜ்மல் பீவியிடம் புலம்பினாள். “கோலி அடிக்கிறான், தெருமுக்கு வரைக்கும் தனியாப் போயிட்டு வாரான். விளக்கு வைக்கிற நேரமானா மட்டும் உன் மகளை விட மாட்டேங்கிறான்.”

“எனக்கு மட்டும் என்னவாம்?” என்றாள் அமீருன்னிசாவைப் பெற்ற அஜ்மல் பீவி. “பொழுது சாஞ்சு, மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிஞ்சும் பொட்டப்பிள்ளை முத்தத்துல நிக்கிறா. ஏசி ஏசி என் தொண்டை வத்திப்போச்சு. இன்னியோட நிறுத்திப்புடுவோம், ராமக்கா.”

இரண்டு தாய்மாரும் முற்றத்தில் இறங்கினார்கள்.

“எஞ்சினு, வீட்டுக்கு நட!”

“அம்மா, அம்மா, ஒரே ஒரு ஸ்டேஷன். இவனை வீட்ல விட்டுட்டு வந்துர்றேன்.”

“அவன் என்ன கைப்பிள்ளையா? அந்தா நிக்குது அவன் வீடு!”

“அத்தை, நீங்களாச்சும் சொல்லுங்க அத்தை. இவன் தனியா... இவனுக்கு...”

பின்னாலிருந்து பாவாடை வெடுக்கென்று இழுபட்டது. அமீருன்னிசா வாயை மூடிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

“என்னடி இவனுக்கு?”

“ஒண்ணுமில்லை அத்தை. இவனுக்கு ரயில்னா உசுரு.”

“தண்டவாளத்தைப் பிடுங்கியாச்சு. போ தாயி.”

ராமக்காள் மகனின் விரல்களைத் துணியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். அஜ்மல் பீவி மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். “அங்கேயே நில்லுடா, நான் வாரேன்! அசையாத!” என்று அமீருன்னிசா திரும்பித் திரும்பிக் கத்தினாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே அவள் கதவை அடிக்கிற சத்தம் கேட்டது.

ராமக்காள் தன் வாசலுக்குத் திரும்பினாள். “வாடா. இனி நீயாத்தான் வரணும்.”

பையன் விட்ட இடத்திலேயே நின்றான்.

மேற்கே கோபுரத்துக்குப் பின்னால் வானம் இன்னும் சிவந்திருந்தது. சீமெண்ணெய் கிடைக்காத காலம். எந்த வீட்டிலும் இன்னும் விளக்கேற்றவில்லை. தெருவில் மார்க்கெட்டிலிருந்து ஆட்கள் திரும்பும் பேச்சுக்குரல் கேட்கத் தொடங்கியது.

“அப்பன் வர்ற நேரம்டா! அழும்பு பண்ணாம வா!”

அவன் ஒரு எட்டு வைத்தான். கால் பட்டுத் தண்ணீர்க் குடம் உருண்டது.

“கண்ணு என்ன பொடனிலயா இருக்கு?”

மறுபடி நின்றுவிட்டான். “அம்மா, அமீரை விடும்மா.”

“விட மாட்டேன். அவ வந்தா உங்கப்பன் உன்னைய மாடு மேய்க்க அனுப்பிருவாரு. என்னைய விட்டுட்டுப் போயிருவியா நீ?”

“போக மாட்டேன்.”

“அப்ப வா.”

வரவில்லை. அழவும் இல்லை. ஈர மண்ணில் கால் விரல்களை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றான். ரேஷன் சோளக் கஞ்சியில் வளர்ந்த அந்த ஒல்லிக் காலைப் பார்க்கப் பார்க்க, ராமக்காளுக்கு இருந்த கோபமெல்லாம் இறங்கிப்போயிற்று.

முந்தானையில் முடிந்து வைத்திருந்த கருப்பட்டித் துண்டை அவிழ்த்தாள். சத்தம் போடாமல் நடந்து போய் அவன் முன்னால் குந்தினாள். துண்டை அவன் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு, பிடுங்கட்டும் என்று சிரித்தபடி காத்திருந்தாள். அவன் இமைமயிர் கூட அவளுக்குத் தெரிந்தது.

முத்திருளன் அவள் தோளுக்கு மேலே வாசல் பக்கமாக முகத்தைத் திருப்பினான். இரண்டு கைகளையும் நீட்டிக் காற்றைத் துழாவினான்.

“அம்மா... எங்கம்மா போயிட்ட?”