கலப்பில்லாத பூசணி

"பொண்ணுங்க முகத்தை எல்லாம் மூடியாச்சா? பக்கத்து வீட்டுப் பயலுக எந்நேரம் உள்ள நுழைவானுகளோ!"

மாடி வராந்தாவிலிருந்து மாமனார் கத்தினார்.

"மூடியாச்சு மாமா" என்றாள் மருமகள், பூசணிக் கொடியின் கடைசிப் பெண் மொட்டுக்கும் துணிப்பை மாட்டிக் கட்டியபடி. காலையில் பையைப் பிரித்து, அதே கொடியின் ஆண் பூவைத் தொட்டுவைத்து, மறுபடி கட்ட வேண்டும். அடுத்த தோட்டத்து மகரந்தத்தோடு ஒரு தேனீகூட அண்டக் கூடாது.

"ஏழு வருஷமா கலப்பே இல்லாத வம்சம். உனக்கு அதோட அருமை எங்க தெரியப்போகுது? என் பையன்தான் தராதரம் பார்க்காம உன்னைக் கட்டிக்கிட்டு வந்துட்டான்."

"ஆண் பூ எல்லாம் மொட்டுலயே அழுகிக் கொட்டுது மாமா."

"உன் கைராசி அப்படி! ஒரு பிஞ்சு வெம்பினாலும் உன்னைத்தான் கேப்பேன்."

மூட்டுவலிக்காரர். படியிறங்கிப் பார்க்க அவரால் முடியாது. வாய்க்குத்தான் வலியே கிடையாது.

அந்த வருஷம் ஒரு பிஞ்சும் வெம்பவில்லை. அந்த விதைகளைப் போட்டு வந்த காய்களைப் பார்க்க, அடுத்த வருஷம் விதைப் பண்ணை அதிகாரி மாடியேறி வந்தார். மருமகள் அவித்து வைத்த துண்டு ஒன்றை வாயில் போட்டவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"முன்னாடி நீங்க கொடுத்தனுப்பின காய் சப்புன்னு இருந்துச்சே சார். இது கற்கண்டு!"

"பரம்பரை சார், பரம்பரை!" மாமனார் மருமகளை ஓரக்கண்ணால் அளந்தார். "கண்ட குடும்பத்தோட கலந்தா இந்த ருசி வருமா?"

அதிகாரி பேனாவை எடுத்தார். "அப்போ, கலப்பில்லாத ரகம்னு எழுதிக்கிறேன்."

"எழுதாதீங்க சார்."

இருவரும் திரும்பினார்கள். மருமகள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"போன வருஷம் நம்ம கொடியில ஒரு ஆண் பூகூடத் தேறலை. பொய்யா எழுதினா நாளைக்கு விதை வாங்குறவங்க என்ன ஆவாங்க?"

"ஆண் பூ இல்லாமலா இத்தனை காய் காய்ச்சுது?" மாமனார் பல்லைக் கடித்தார். "வானத்துலேர்ந்து விழுந்துச்சா?"

"இல்லை. மாப்பிள்ளை எடுத்தது எங்கம்மா வீட்டுல, மாமா."