கரையில் மட்டும் எரிந்த விளக்கு

"எங்க வீட்டு அஞ்சு உசுருக்கும் வெல இந்தச் சேவல்தாங்க, நானா. வேணாம்னு மட்டும் சொல்லிறாதீங்க."

பதுளைக் கடைவீதியில், இத்ரூஸின் கடைப் பலகைமேல் சேவலை வைத்துவிட்டுக் கும்பிட்டார் வீரய்யா. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றில் துரையின் படகுக்கு விளக்குப் பார்ப்பவர். சேவலுக்குக் காலைத்தான் கட்டியிருந்தார், வாயைக் கட்டவில்லை. அது கடைவீதிக்கே கேட்கக் கூவியது.

"மொதல்ல அதை எறக்கு. அரிசி மூட்டையையே பார்க்குது" என்றார் இத்ரூஸ். "எதுக்கப்பா இதெல்லாம்?"

"நேத்து நீங்க வராட்டி, இந்நேரம் வேலையில இருந்து என் பேரை வெட்டியிருப்பாங்க. லயத்து வீட்டை விட்டுட்டு, பொண்டாட்டி புள்ளைங்களோட ரோட்டுல நிப்பேன்."

அது நிஜம்தான். தோட்டத்துக் குளத்தில் உலாவத் துரை படகு வைத்திருந்தார். அதற்கு ஆறு பெட்டரியும் பல்புகளும் கொழும்பிலிருந்து வரவழைத்து விற்றவர் இத்ரூஸ். படகு கரையில் நிற்கும்போது தொழிற்சாலை டைனமோவிலிருந்து ஒரு வயர் வரும். விளக்கும் அதில் எரியும், பெட்டரியும் அதில் நிறையும். வயரைக் கழற்றிவிட்டுக் குளத்துக்குள் போனால் பெட்டரிதான் கதி.

இரண்டு மாதம் கரையில் விளக்குகள் ஜோராக எரிந்தன. சனிக்கிழமை பொழுது சாயும் நேரம், விருந்தாளிகள் ஏறி உட்கார, முதன்முதலாக வயரைக் கழற்றினார்கள். ஒரு பல்பு கூடக் கண் திறக்கவில்லை. விருந்தாளிகள் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. "விளக்குக்காரன் பேரை வெட்டு!" என்று உத்தரவு போட்டார்.

மறுநாள் இத்ரூஸ் போய்ப் பெட்டரிகளைத் திறந்து பார்த்தார். நேரே துரையிடம் போய், "பிழை என்னுடையது. புதுசு ஆறும் என் செலவில் தருகிறேன். இவர்மேல் குற்றமில்லை" என்றார். அதோடு வீரய்யாவின் பேர் தப்பியது.

"நானா, ஒண்ணு சொல்லிரணும்." வீரய்யா குரலைத் தாழ்த்தினார். "பெட்டரிக்கு சுத்தமான மழைத்தண்ணி தவிர வேற எதையும் ஊத்தாதேன்னு நீங்க சொன்னீங்க. படகை எறக்கின அன்னிக்கு, மாரியம்மன் கோயில் தீர்த்தம் ஒரு செம்பு... மொதப் பெட்டரியில ஊத்திட்டேன்."

"ஏனப்பா?"

"அது தண்ணிக்குப் போட்ட சட்டம்னு நெனைச்சேன். தீர்த்தத்துக்குமா?"

இத்ரூஸுக்குச் சிரிப்பு வந்தது. இருமலாக மாற்றிக்கொண்டார்.

"ஒண்ணுலதானே ஊத்தினேன்? ஆறும் எப்படிங்க போகும்?"

"ஆறும் கைகோத்து நிக்கிற ஆளுங்க மாதிரி. ஒருத்தன் மயங்கி விழுந்தா மத்தவன் நிமிந்து நின்னும் பிரயோசனமில்ல. கரையில அவனுகளுக்கு வேலையே கெடையாது, எரிக்கிறது டைனமோ. அதனாலதான் ரெண்டு மாசமா ஒருத்தருக்கும் தெரியல்ல."

"பாத்தீங்களா! எல்லாம் என் வேலை. எனக்காகத் துரைகிட்டயே பொய் சொன்னீங்களே, சாமி!"

"நான் பொய் சொல்லல்ல, வீரய்யா. உள்ளதைத்தான் சொன்னன். சேவலை எடுத்துட்டுப் போ."

"பெரிய மனசுக்காரங்க இப்படித்தான் சொல்லுவாங்க."

"அட, நெசமாத்தான்! சேவல் வேணாம்."

"சேவல் பத்தாதுன்னா சொல்லுங்க. வெளிய ரெண்டு பூசணிக்காய் வச்சிருக்கேன்."

"ஐயோ, வேணாமப்பா!"

"அப்ப நாளைக்கு ஒரு பெட்டைக்கோழியும் கொண்டாறேன்."

"சரி, சரி! சேவலோட நிப்பாட்டு!"

இருபது வருடமாகக் கடை நடத்துகிறவர், தனக்கு வருவதைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசியது அன்றுதான். பழக்கமில்லாத பேரம், தோற்றுப்போனார். வீரய்யா இன்னொரு தடவை கும்பிட்டுவிட்டு, மலைப்பாதையில் ஏறுவதற்கு முன்னும் திரும்பிக் கும்பிட்டார்.

திரைக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த மனைவி ஸகீனா, கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"ஒரு ஏழைக்காக ஆறு பெட்டரியும் நட்டம், துரைகிட்ட கெட்ட பேரும். ஒங்களைப் போல மனுசர் இந்த ஊர்ல யாரு இருக்கா? பிழை ஒங்களோடதுன்னு சொன்னா யாரு நம்புவா?"

"நீயாவது நம்பு." இத்ரூஸ் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கணக்கைக் கேளு, ஸகீனா. ஆறு பெட்டரியில வீரய்யாட தீர்த்தம் ஒண்ணுல. மிச்சம் அஞ்சுலயும், துரையோட மொத யாவாரம் பரக்கத்தா, நல்லபடியா இருக்கட்டும்னு, நான் ஊத்தி அனுப்பினது வாப்பா மக்காவில இருந்து கொண்டுவந்த ஸம்ஸம் கெணத்துப் புனிதத் தண்ணி. போத்தல் அஞ்சோட முடிஞ்சுபோச்சு."