பழைய சத்தம்

"இன்னும் கொஞ்சம் கெடுத்து விடுங்கண்ணே."

ஸ்க்ரூடிரைவர் பிடித்திருந்த கர்ணனின் கை அப்படியே நின்றது. பழனிசெட்டிபட்டியில் ஒர்க் ஷாப் போட்ட நாளிலிருந்து வண்டியைச் சரிபண்ணச் சொல்லி வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறான். கெடுக்கச் சொல்லி வந்த முதல் ஆள், எதிரே நிற்கிற இந்தச் சசிதரன்தான்.

வண்டி இரட்டை சிலிண்டர் பைக், கர்ணன் பிறப்பதற்கு முன்னால் வந்தது. போன மாதம்தான் அதன் கார்புரேட்டர் இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டியிருந்தான். இரண்டும் ஒன்றாக மூச்சு விட வேண்டும். ஒன்று முந்தினாலும் என்ஜின் விக்கும். அரை நூல் இப்படி, கால் நூல் அப்படி என்று திருகித் திருகி, கடைசியில் டேங்க் மேல் வைத்த டீ கிளாஸ் தளும்பாமல் நின்றபோது அவனுக்கே மயிர் சிலிர்த்தது.

அப்போதைய சொந்தக்காரர் சுருளிராஜன், கம்பத்துத் திராட்சை வியாபாரி. வண்டியைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்க்கிற மனிதர். கார்புரேட்டரோடு நிறுத்தாமல், ஹெட்லைட்டும் முன் மட்கார்டும்கூடப் புதுசாகப் போடச் சொன்னார். "சத்தமே இல்லாமப் போகுதய்யா, பொழச்சேன்" என்று கர்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பேர்ப்பட்டவர் நேற்று வண்டியைப் போயும் போயும் இந்த ஆளிடமா விற்றார் என்று கர்ணனுக்கு ஆறவில்லை.

காலையில் லோடு ஆட்டோவிலிருந்து வண்டியை இறக்கியதுமே சசிதரன் கேட்டது இதுதான்.

"கார்புரேட்டர் மாத்துனது நீங்கதான்னு சொன்னாக. பழசு கெடக்கா?"

"அந்தா, கழிவு டப்பாவுல கெடக்கு சார். எதுக்கு?"

"அதையே திருப்பி மாட்டணும்."

கழிவு ஆயில் டப்பாவுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினான் கர்ணன். கையில் முதலில் வந்தது ஊறிப்போன பல்லி. அதை உதறி எறிந்துவிட்டு மறுபடி விட்டபோது கார்புரேட்டர்கள் சிக்கின. உள்ளே பழைய பெட்ரோல் பழுப்புப் பசையாக உறைந்து, ஊசிப்போன நாற்றம் அடித்தது.

"கழுவியாச்சும் மாட்டுறேன் சார்."

"மேல தொடச்சா போதும். உள்ள இருக்கறது அப்படியே இருக்கட்டும்."

மாட்டினான். ஒவ்வொரு நட்டை முறுக்கும்போதும் தன் கையால் தானே சோற்றில் மண் அள்ளிப் போடுவது போல இருந்தது. உதைத்ததும் என்ஜின் இருமிக்கொண்டு எழுந்தது. நீலப் புகை கடை முழுக்கப் பரவ, பக்கத்து டீக்கடைக்காரர் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டினார்.

சசிதரன் மட்டும் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கச்சேரி கேட்பவர் போல நின்றார்.

"இல்லண்ணே. இடது பக்கம் இன்னும் அடைக்கணும். ரெண்டு தட்டு தட்டிட்டு, மூணாவதுல டப்புன்னு வெடிக்கணும். மேட்டுல ஏறுறப்ப அப்படித்தான் போகும்."

"நேத்துத்தான வாங்குனீக? அதுக்குள்ள மேட்டுல ஓட்டிப் பாத்தாச்சா?"

"எனக்கு பைக் ஓட்டவே தெரியாதுண்ணே."

கர்ணனுக்கு நாக்கில் கசப்பு ஏறியது. ஓட்டத் தெரியாதவனுக்கு வண்டி ஒரு கேடா? ஊர் உறங்கும் நேரத்தில் முறுக்கி முறுக்கி வீடியோ எடுத்துப் போடுகிற கூட்டம் போலிருக்கிறது. இத்தனை வயசுக்கு மேல் இப்படி ஒரு வக்கிரம்.

சற்றுத் தள்ளி நின்ற காரில் இவர் சம்சாரம் வேறு. வந்ததிலிருந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு, இந்தப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். ஒர்க் ஷாப் அழுக்கு அவளுக்கு ஆகாதாக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

சீக்கிரம் தொலைந்தால் போதும் என்றிருந்தது. இடது பக்கத்துக் காற்று ஸ்க்ரூவை ஒரேயடியாக இறுக்கினான். என்ஜின் நின்றுவிடாமல் ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏற்றிவிட்டான். என்ஜின் தட்டியது, மறுபடி தட்டியது, பிறகு சைலன்சர் வழியே டப்பென்று வெடித்தது. நல்லபடியாகப் பிறந்த குழந்தையின் காலைத் தானே ஒடித்தது போல அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இதான சார் கேட்டீக? போதுமா?"

சசிதரன் காரைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"யுவராணி, எறங்கி வாம்மா. வந்து கேளு."

பெண்டாட்டியிடம் பெருமையடிக்கத்தான் இவ்வளவு பாடா என்று கர்ணன் காறித் துப்பினான். கைத்துணியை உதறித் தோளில் போட்டான்.

கார்க் கதவு திறந்தது. வெளியே கால் வைத்தவள் அடுத்த எட்டு எடுத்து வைக்கவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். சத்தம் பிடிக்கவில்லை, இதையும் மாற்றச் சொல்லப்போகிறாள் என்று எண்ணி, கர்ணன் ஸ்விட்சை அணைக்கக் கையை நீட்டினான்.

அதற்குள் அவள் அலறினாள்.

"இதாங்க! நம்ம புள்ளய இருட்டுல அடிச்சுப் போட்டுட்டு, நிக்காமப் போன வண்டி இதே சத்தந்தாங்க!"